வாக்கி டாக்கி: பெட்டியில் 10 கிலோமீட்டர், மலையில் ஒன்றே கால். ஏன்?

மலைக்காற்று:

வணக்கம். மாதம் ஒருமுறை மலையேறும் குழு எங்களுடையது, பதினோரு பேர். முன்னால் போகிறவர் வழி பார்ப்பார், கடைசியில் வருகிறவர் யாரும் பின்தங்காமல் பார்த்துக்கொள்வார். இந்த இருவரும் பேசிக்கொள்ள ஒரு ஜோடி வாக்கி டாக்கி வாங்கினோம். பெட்டியில் '10 கி.மீ.' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. போன ஏற்றத்தில் முதல் வளைவு தாண்டியதுமே பின்னால் இருப்பவர் குரல் துண்டு துண்டாக வந்தது. ஒரு முகட்டைத் தாண்டியதும் சுத்தம், வெறும் கர்ர் சத்தம்தான். ஜிபிஎஸ்ஸில் பார்த்தால் எங்களுக்கு நடுவே நேர்க்கோட்டில் ஒன்றே கால் கிலோமீட்டர்!

செட் பழுதா? அரை வாட் போதாது, ஐந்து வாட் வாங்கு என்கிறார் ஒரு நண்பர். இன்னொன்று, பெட்டியில் '304 சேனல்' என்று இருக்கிறது. ஆனால் மாற்றிப் பார்த்தால் எட்டுதான் வருகிறது. அது என்ன கணக்கு?

பழைய_வால்வு:

செட் பழுதில்லை தம்பி, பெட்டியில் எழுதினவர்தான் பழுது. முப்பத்திரண்டு வருஷம் இந்தக் கருவிகளைப் பிரித்துச் சேர்த்தவன் சொல்கிறேன்.

எட்டு சேனல், அரை வாட் என்றால் உங்கள் கையில் இருப்பது 446 மெகாஹெர்ட்ஸ் செட். அந்த அலை கிட்டத்தட்ட வெளிச்சம் மாதிரிதான் நடந்துகொள்ளும். இலை தழைக்குள் கொஞ்சம் நுழையும், சுவரில் கொஞ்சம் நுழையும், பாறையில் பட்டுத் திரும்பும். ஆனால் ஒரு மலையைச் சுற்றி வந்து உங்கள் காதில் விழாது.

பூமி உருண்டை என்பதால் தடையே இல்லாத கடலில்கூட எல்லை உண்டு. ஆன்டெனா இருக்கும் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12 ஆல் பெருக்குங்கள். ரேடியோ அடிவானம் எத்தனை கிலோமீட்டர் என்று வந்துவிடும். வாய்க்கு நேரே பிடித்தால் உயரம் ஒன்றரை மீட்டர், அதற்கு 5 கி.மீ. எதிரே நிற்பவருக்கும் 5. ஆக மொத்தம் 10! உங்கள் பெட்டிக்காரர் பொய் சொல்லவில்லை, சமுத்திரத்தில் நின்று அளந்திருக்கிறார், அவ்வளவுதான். 500 மீட்டர் உயர முகட்டில் ஒருவர் நின்றால் அதே சூத்திரம் 92 கி.மீ. சொல்லும். அதே அரை வாட், அதே பேட்டரி.

அதனால் ஐந்து வாட் வாங்கினால் பத்து மடங்கு தூரம் போகும் என்று நினைக்காதீர்கள். திறந்தவெளியிலேயே பத்து மடங்கு சக்திக்கு மூன்று மடங்கு தூரம்தான், அதுவும் அடிவானத்துக்கு உள்ளே. நடுவில் மலை நின்றால் மூன்று மடங்குகூட வராது. தவிர, உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம் என்று விட்டிருக்கும் இந்த வகை செட்டுக்கு ஐரோப்பாவில் அரை வாட்தான் உச்சம், ஆன்டெனாவையும் கழற்றக்கூடாது. பல நாடுகளில் ஐந்து வாட் செட்டுக்கு உரிமம் வேண்டும். வாங்கும் முன் உங்கள் ஊர் விதியைப் பார்த்துவிடுங்கள்.

நான் சொல்வது இதுதான்: காசை வாட்டில் போடாதீர்கள், ஆளை மேட்டில் நிறுத்துங்கள். மூன்றாவது செட் ஒன்று வாங்கி, முகட்டில் ஒருவர் பத்து நிமிடம் நின்று இரண்டு பக்கமும் சொல் கடத்தினால் போதும். அப்புறம், பேசும்போதும் கேட்கும்போதும் ஆன்டெனா செங்குத்தாக இருக்கட்டும். ஒருவர் நிமிர்த்தியும் மற்றவர் படுக்கவைத்தும் பிடித்தால் அலை கணிசமாக வீணாகும். இடுப்புப் பட்டையில் மாட்டியபடி பேசினால் உடம்பே பாதியைக் குடித்துவிடும்.

304 கணக்கைச் சாயந்திரம் எழுதுகிறேன், மாத்திரை நேரம்.

சந்தேகப்பிராணி:

2 ஜிபி டேட்டா பாக்கெட்டில் வைத்துக்கொண்டு எதற்கு இந்த பொம்மை? குழு அழைப்பு போட்டால் பதினோரு பேரும் பேசலாமே. 1940-லிருந்து வெளியே வாருங்கள்.

ஏழாம்_தளம்:

@சந்தேகப்பிராணி, நீங்கள் டவர் கிரேனுக்குக் கீழே நின்றதில்லை போலிருக்கிறது. நான் கட்டட வேலைத்தளத்தில் சிக்னல் கொடுப்பவன். கிரேன் ஓட்டுபவர் மேலே கண்ணாடிக் கூண்டில். சரக்கு இறங்கும் இடம் அவர் கண்ணுக்குத் தெரியாது, கட்டடம் மறைக்கும். அவருக்கு நான்தான் கண். இரண்டு டன் கம்பிக்கட்டு தொங்கும்போது எண் அழுத்தி, மணி அடித்து, "ஹலோ கேட்குதா" என்று கேட்டுக்கொண்டிருக்க முடியுமா? கையுறையோடு ஒரே ஒரு பட்டன். அழுத்தினால் அடுத்த நொடி அவர் காதில் இருப்பேன்.

எங்கள் பழக்கம் ஒன்று சொல்கிறேன். சரக்கு கீழே வரும்போது "இறக்கு" என்று ஒருமுறை சொல்லிவிட்டுச் சும்மா இருக்க மாட்டோம். "இறக்கு... இறக்கு... இறக்கு... மெல்ல... மெல்ல... நிறுத்து" என்று விடாமல் சொல்லிக்கொண்டே இருப்போம். குரல் நின்றால் கிரேனும் நிற்க வேண்டும், அதுதான் விதி. பேட்டரி தீர்ந்தாலும், செட் கீழே விழுந்தாலும், நான் மயங்கி விழுந்தாலும் சரக்கு அந்தரத்தில் நின்றுவிடும்.

பட்டனை அழுத்தியவுடன் பேசினால் முதல் எழுத்து போய்விடும், செட் விழித்துக்கொள்ளக் கொஞ்ச நேரம் எடுக்கும். நம் மொழியில் இது இன்னும் வம்பு. 'மேலே', 'கீழே' இரண்டுக்கும் தலை போனால் மிச்சம் ஒரே மாதிரி. 'தூக்கு', 'இறக்கு' இரண்டிலும் வால் ஒன்றுதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் "தூக்கு" என்றேன், தலை வெட்டுப்பட்டு "க்கு" மட்டும் மேலே போனது. நல்லவேளை, ஓட்டுபவர் அனுபவசாலி. "என்னது, திருப்பிச் சொல்லு" என்றார், கையை வைக்கவில்லை. அன்றிலிருந்து அழுத்தி, மனசுக்குள் 'ஒன்று' எண்ணி, பிறகுதான் வாயைத் திறப்பேன்.

வரலாற்றுப்புழு:

1940 என்று யாரோ என்னைக் கூப்பிட்டீர்கள்.

இந்தப் பெயரிலேயே ஒரு குழப்பம் உண்டு. 'வாக்கி டாக்கி' என்றால் நாம் கையில் பிடிப்பதைச் சொல்கிறோம். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையில் அந்தப் பெயர் முதுகில் சுமக்கும் எஸ்சிஆர்-300க்கு. 14 முதல் 17 கிலோ வரை எடை. மோட்டோரோலா என்று பின்னால் பெயர் மாற்றிக்கொண்ட கால்வின் நிறுவனத்தில் டான் நோபிள் குழுவும், போலந்திலிருந்து வந்த ஹென்ரிக் மக்னுஸ்கியும் சேர்ந்து செய்தது. எஃப்எம் முறை (குரலுக்கேற்ப அலையின் அதிர்வெண் மாறும்), சுமார் 5 கி.மீ. எட்டும். கையில் பிடிக்கும் எஸ்சிஆர்-536 அதற்கு முந்தியது, அதன் பெயர் 'ஹேண்டி டாக்கி'. ஐந்து வால்வு (டிரான்சிஸ்டருக்கு முந்தைய காலத்துக் குழாய்), 2.3 கிலோ. ஆன் பட்டன் என்று தனியாக இல்லை, ஆன்டெனாவை வெளியே இழுத்தால் உயிர் வரும், உள்ளே தள்ளினால் அணையும். ஹாம் நண்பர்கள், அதாவது உரிமம் எடுத்துப் பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுபவர்கள், இன்றும் கைக்கருவியை 'எச்டி' என்பது அந்த ஹேண்டி டாக்கியின் மிச்சம்தான்.

@மலைக்காற்று, உங்களுக்காக ஒரு தகவல்: அந்த 536 தரையில் எட்டும் தூரம் என்று சொல்லப்பட்டது ஒரு மைல், அதாவது 1.6 கி.மீ. எண்பது வருஷத்தில் எடை கால் கிலோவுக்குக் குறைந்துவிட்டது, பேட்டரி நாள் முழுக்க நிற்கிறது. மலையில் தூரம் மட்டும் அங்கேயேதான் இருக்கிறது!

முதலில் கண்டுபிடித்தது யார் என்ற சண்டை தனி. கனடாவின் டொனால்ட் ஹிங்ஸ் 1937-லேயே ஒரு சுரங்க நிறுவனத்துக்காகத் தூக்கிச் செல்லும் செட் செய்தார். வடக்கே காட்டுப் பகுதிகளில் இறங்கும் அதன் விமானிகள் தொடர்பில் இருப்பதற்காக. அமெரிக்காவின் ஆல் கிராஸ் 1938-ல், இருபது வயதில், கையடக்கமாக ஒன்று செய்தார். எனக்குக் கேட்டால் ஹிங்ஸ் பக்கம்தான் ஓட்டு. தேவை முதலில் வந்தது, கருவி பின்னால் வந்தது. பெயர் வைத்தது இருவருமே இல்லை, பத்திரிகைக்காரர்கள். செட்டை முதுகில் மாட்டியிருந்த சிப்பாயிடம் இது எதற்கு என்று நிருபர் கேட்டாராம். நடந்துகொண்டே பேசலாம் என்று பதில் வந்ததாம். அப்படியொரு கதை ஓடுகிறது.

செல்போனின் கதையும் இங்கிருந்துதான் கிளம்புகிறது. 1973 ஏப்ரல் 3 அன்று தெருவில் நின்று முதல் கைப்பேசி அழைப்பைச் செய்த மார்ட்டின் கூப்பர், அதற்கு முன் அதே மோட்டோரோலாவில் போலீஸ்காரர்களுக்குக் கையடக்க ரேடியோ செய்துகொண்டிருந்தவர்.

சந்தேகப்பிராணி:

சரி, கிரேனை ஒத்துக்கொள்கிறேன். மலையை இல்லை.

கடலோடி:

அப்போ கடலுக்கு வாருங்கள் சார்.

கப்பலைத் துறையில் கட்டும்போது முனையில் ஒரு அணி, பின்புறம் ஒரு அணி, நடுவே மேல்தளத்தில் கேப்டன். இருநூறு மீட்டர் நீளக் கப்பலில் மூன்று இடமும் ஒன்றையொன்று பார்க்காது. ஒருவர் "முன் கயிறு கரையில்" என்றால் மூவரும் கேட்க வேண்டும். போனில் ஒருவர் காதில் சொல்கிறோம். இங்கே சொல்வது காற்றுக்கு, யாருக்குத் தேவையோ அவர் எடுத்துக்கொள்வார்.

கப்பல்கள் பேசும் விஎச்எஃப் அலைவரிசையில் 16ஆம் சேனல், 156.8 மெகாஹெர்ட்ஸ், ஆபத்துக்கும் முதல் அழைப்புக்கும் உரியது. எல்லாரும் அதில் காது வைத்திருப்பார்கள். அதனால் அதில் ஊர்க்கதை பேசினால் கரையிலிருந்து திட்டு விழும். கூப்பிட்டு, பதில் வந்ததும் வேறு சேனலுக்குப் போய்விட வேண்டும். 500 டன்னும் அதற்கு மேலும் உள்ள சரக்குக் கப்பலில், உயிர்ப்படகுக்கென்று மூன்று கைக்கருவிகள் கட்டாயம். அவற்றுக்கு முத்திரை உடைக்காத தனி லித்தியம் பேட்டரி இருக்கும், தினசரி வேலைக்கு அதைத் தொடக்கூடாது.

இரும்புக் கப்பலுக்குள் மட்டும் மலைக்காற்று சொன்ன அதே கதைதான். எஞ்சின் அறைக்கு இரண்டு தளம் இறங்கினால் செட் ஊமை.

ஒரு வேண்டுகோள், யாரும் "ஓவர் அண்ட் அவுட்" என்று சொல்லாதீர்கள். 'ஓவர்' என்றால் நான் முடித்தேன், நீ பேசு. 'அவுட்' என்றால் பேச்சு முடிந்தது, பதில் வேண்டாம். இரண்டையும் சேர்த்தால் "சாப்பிட வா, வராதே" என்கிற மாதிரி. 'ரோஜர்' என்றால் காதில் விழுந்தது என்று மட்டும்தான். ஆமாம் என்றோ, செய்கிறேன் என்றோ அர்த்தமில்லை.

ரெட்டைவால்_அம்மா:

எங்கள் வீட்டில் இரண்டு வாண்டுகள், ஏழு வயது. மாடிக்கும் தோட்டத்துக்கும் வாக்கி டாக்கி. கடலோடி சார் சொன்னதைப் படித்துக் காட்டினேன், இப்போது சாப்பாட்டு மேசையில்கூட "உப்பு கொடு, ஓவர்" என்கிறார்கள். ஒருவர் முடித்த பிறகு மற்றவர் பேச வேண்டும் என்பதை நான் ஏழு வருஷமாகச் சொல்லிப் பார்த்தேன், பட்டன் ஒரே வாரத்தில் கற்றுக்கொடுத்துவிட்டது.

ஒரு கவலை. நேற்று அவர்கள் செட்டில் முன்பின் தெரியாத யாரோ பேசினார்கள். பெட்டியில் 'தனியுரிமைக் குறியீடு' என்று இருக்கிறதே, அதைப் போட்டால் நாங்கள் பேசுவது வெளியே கேட்காதுதானே?

பழைய_வால்வு:

கேட்கும் அம்மா. அந்தப் பெயரை வைத்தவரைத்தான் பிடிக்க வேண்டும். 304 கணக்கும் இதிலேயே இருக்கிறது, இரண்டுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

சேனல் எட்டுதான். ஒவ்வொன்றோடும் 38 தொனிகளில் ஒன்றைச் சேர்க்கலாம், எட்டு முப்பத்தெட்டு 304. தொனி என்றால், நீங்கள் பேசும்போது குரலுக்கு அடியில் 67 முதல் 250 ஹெர்ட்ஸ் வரையிலான ஒரு மெல்லிய முனகல் ஓடிக்கொண்டிருக்கும். ஒலிபெருக்கிக்குப் போகும் முன்பே செட் அதை வடிகட்டிவிடுவதால் நம் காதுக்கு வராது. உங்கள் செட் அந்த முனகல் இருந்தால் மட்டும் வாய் திறக்கும், இல்லையென்றால் ஊமையாக இருக்கும். ஆக, அது உங்கள் காதில் வைக்கும் பஞ்சு. அடுத்தவர் காதில் வைப்பது இல்லை. தொனி போடாமல் அதே சேனலில் இருப்பவருக்கு நீங்கள் பேசுவது அத்தனையும் தெளிவாகக் கேட்கும். வீட்டு முகவரி, பூட்டிவிட்டு எங்கே போகிறோம், இதெல்லாம் அதில் பேச வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள்.

இன்னொரு தொல்லையும் உண்டு. வேறு தொனியில் இருப்பவர் அதே சேனலில் பேசும்போது உங்களுக்குச் சத்தமே வராது, சேனல் காலி என்று நினைப்பீர்கள். அழுத்தினால் இருவர் பேச்சும் மோதும்.

ஏழாம்_தளம்:

அந்த மோதலை நான் பார்த்திருக்கிறேன். பக்கத்து மனையிலும் ஒரு கிரேன், இரண்டு தளமும் புது செட்டை அப்படியே முதல் சேனலில், தொனி இல்லாமல் ஓட்டியிருக்கிறோம். ஒருநாள் எங்கள் கூண்டில் "தூக்கு" என்று கேட்டது. நான் வாயே திறக்கவில்லை. கொக்கியில் அப்போது சரக்கு மாட்டிக்கொண்டிருந்தார்கள். ஓட்டுபவருக்குக் குரல் வித்தியாசம் தெரிந்ததால் தப்பித்தோம். மறுநாளே சேனல் பிரித்தோம், ஒவ்வொரு கட்டளைக்கும் முன்னால் கிரேன் எண் சொல்ல வேண்டும் என்றும் வைத்தோம்.

பழைய_வால்வு:

மோதல் என்றதும் நினைவுக்கு வருகிறது. நம் செட்டெல்லாம் எஃப்எம். இரண்டு பேர் ஒரே நேரத்தில் அழுத்தினால் வலுவான அலை மட்டும் ஜெயிக்கும், மற்றவர் பேசினதே தெரியாது. விமானங்கள் இன்றும் பழைய ஏஎம்மில் (குரலுக்கேற்ப அலையின் வலு மாறும் முறை) பேசுவதற்கு ஒரு காரணமாக இதைச் சொல்வார்கள். அதில் இரண்டாவது ஆள் முழுசாகக் காணாமல் போவதில்லை, குறைந்தது ஒரு ஊளைச் சத்தமாவது வந்து "இன்னொருவரும் இருக்கிறார்" என்று காட்டிக்கொடுக்கும்.

ஆனால் அந்த ஊளையே ஒருமுறை எமனானது. 1977 மார்ச் 27, டெனரீஃப் தீவு, ஓடுபாதையில் கடும் மூடுபனி. கேஎல்எம் நிறுவனத்தின் ஜம்போ விமானம் ஓட ஆரம்பித்துவிட்டது. "காத்திருங்கள், கூப்பிடுகிறேன்" என்று கட்டுப்பாட்டுக் கோபுரம் சொன்ன அதே கணத்தில் பான் ஆம் விமானம் "நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம்" என்றது. இரண்டு அலையும் மோதி, கேஎல்எம் விமானிகளுக்கு அந்த வார்த்தைகள் ஒரு கீச்சொலிக்குள் புதைந்துபோயின. 583 பேர் இறந்தார்கள். காரணம் அது ஒன்று மட்டுமல்ல, ஆனாலும் இரண்டு வாக்கியம் ஒரே நொடியில் விழாமல் இருந்திருந்தால் என்று நினைக்காத ரேடியோக்காரன் கிடையாது. 'டேக் ஆஃப்' என்ற சொல்லை உண்மையான அனுமதி தரும்போது மட்டுமே பயன்படுத்துவது அதற்குப் பிறகு வந்த கட்டுப்பாடு.

சந்தேகப்பிராணி:

இதைப் படித்துவிட்டு என்ன கிண்டல் செய்வது. ஒரு நேர்மையான கேள்வி: இப்போது டிஜிட்டல் செட் வருகிறதே, அதில் இந்தத் தூரப் பிரச்சினை தீராதா?

பழைய_வால்வு:

தீராது, உருவம் மாறும். நம்முடையது மாதிரி அனலாக் செட்டில் தூரம் கூடக்கூட இரைச்சல் ஏறும். "சரி, எல்லைக்கு வந்துவிட்டோம்" என்று காது எச்சரிக்கும். டிஜிட்டலில் கடைசிவரை கண்ணாடி மாதிரி கேட்கும், அப்புறம் படியிலிருந்து விழுந்த மாதிரி ஒன்றுமே இருக்காது. டிஎம்ஆர் என்ற டிஜிட்டல் முறையில் நேரத்தைத் துண்டு போட்டு ஒரே சேனலில் இரண்டு உரையாடல் ஓட்டலாம், பேட்டரியும் மிச்சம். பெரிய தளங்களுக்கு அது லாபம். ஆனால் மலை அங்கேயேதான் நிற்கும்.

வரலாற்றுப்புழு:

மலைக்குப் பின்னால் போகாத இதே கைக்கருவி எங்கே போகும் தெரியுமா? நேர் மேலே. 1983-ல் கொலம்பியா விண்கலத்தில் ஓவன் கேரியட் ஜன்னலில் ஆன்டெனாவை வைத்து, ஒரு கைக்கருவியால் பூமியில் உள்ள ஹாம் நண்பர்களோடு பேசினார். இன்று பன்னாட்டு விண்வெளி நிலையம் சுமார் 400 கி.மீ. உயரத்தில் தலைக்கு மேல் போகும்போது, உரிமம் உள்ள ஹாம்கள் ஐந்து வாட் செட்டில் அதன் ரிப்பீட்டர் (கேட்டதை அப்படியே மறுபடி ஒலிபரப்பும் கருவி) வழியாகப் பேசுகிறார்கள். நடுவில் தடை இல்லை, அவ்வளவுதான் ரகசியம்.

மலைக்காற்று:

போய் வந்துவிட்டோம். வால்வு ஐயா சொன்னபடியே மூன்றாவதாக ஒரு செட், நண்பர் வீட்டுப் பரணில் கிடந்த பழையது, இரவல். முகட்டில் ஒருவர் நின்றார். இந்த முறை எங்களுக்கும் கடைசி ஆளுக்கும் நடுவே மூன்று கிலோமீட்டர்வரை போனது, ஒரு செய்தியும் தவறவில்லை. ஒருவருக்குக் கணுக்கால் பிசகியது, இரண்டு நிமிடத்தில் முன்னால் தெரிந்து நின்றுவிட்டோம். அங்கே போனில் ஒரு கோடுகூட இல்லை @சந்தேகப்பிராணி.

ஆனால் இறங்கும்போது ஒரு கூத்து. அந்தப் பழைய செட் கடைசியில் வந்தவர் பையில் இருந்தது. பை வார் பட்டன் மேல் ஏறி அழுத்திக்கொண்டது. பதினெட்டு நிமிடம்! மூச்சு வாங்குவது, தண்ணீர் குடிப்பது, நடுவில் நான் வழி பார்க்கிற லட்சணத்தைப் பற்றிப் பக்கத்தில் இருந்தவரிடம் விரிவான உரை, எல்லாம் எங்கள் காதில் நேரடி ஒலிபரப்பு. "பட்டனை விடுங்கள்" என்று சொல்லவும் வழியில்லை. அவர் செட் பேசிக்கொண்டிருக்கும்வரை அதற்குக் காது கிடையாதே. கடைசியில் ஒருவர் ஓடிப்போய்த்தான் சொன்னார்.

பழைய_வால்வு:

ஹஹ்ஹா. புதிய செட்டுகளில் டைம் அவுட் டைமர் இருக்கும் தம்பி. குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் அழுத்தியபடியே இருந்தால் தானாக ஒலிபரப்பை நிறுத்திவிடும். பரண் செட்டில் அது இருந்திருக்காது. நேரத்தை மாற்ற வசதி இருந்தால் 60 வினாடி வையுங்கள், ஒருவர் மூச்சு விடாமல் பேச அது தாராளம்.

மலைக்காற்று:

பரண் செட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம், புதியதில் 60 வினாடி வைத்தாயிற்று. அடுத்த மாதம் முதல் முன்னால் நடந்து வழி பார்ப்பவர், என்னைப் பற்றி உரை நிகழ்த்திய அந்தக் கடைசி ஆள்தான்.